லாரி ஓட்டுநரும் வழித்துணையும்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில், பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஓரத்தில் ஒருபுறம் சாய்ந்து நிற்பதை மாணவர்களாகிய நீங்கள் பேருந்தின் சன்னல் வழியே பலமுறை கண்டிருப்பீர்கள். அதன் பின்னால் சில அடி தூரத்தில் நாலைந்து கற்களும், ஒடித்துப் போட்ட வேப்பங்கிளை ஒன்றும் சாலைமீது கிடக்கும். சற்று முன்னால் இன்னொரு லாரி நிற்கும். அந்த இரண்டாம் லாரியின் ஓட்டுநர் முதல் லாரியின் அடியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு ஏதோ வேலை செய்துகொண்டிருப்பார். இரண்டு வண்டிகளும் ஒரே முதலாளிக்கு உரியவை என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். பெரும்பாலும் அப்படியன்று. இருவரும் அதற்குமுன் ஒருவரையொருவர் கண்டவர்களும் அல்லர். வேலை முடிந்ததும் கையிலுள்ள கரியைத் துணியில் துடைத்துவிட்டு, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்து போவார்கள். இந்த வழக்கம் எதனால் உண்டாயிற்று, எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே நின்றுபோகிறது என்பனவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் ஆத்தூர்க்காரன். ஆத்தூர் என்றதும் சேலத்து ஆத்தூரை நினைப்பவர்களே மிகுதி. அந்த மயக்கம் எங்கள் ஊர்க் கடிதங்களுக்கும் நேர்வதுண்டு. எங்கள் ஆத்தூர் திண்டுக்கல் மாவட்டத்தில், காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்து இருப்பது. கிழக்கே சின்னாளப்பட்டிப் பக்கம் போனால் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை செல்லும் பெருஞ்சாலை. மேற்கே வத்தலக்குண்டு, தேனி, குமுளி வழியாகக் கேரளம். வடமேற்கே ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை. ஆகவே லாரிகளின் ஓசை கேட்காத இரவு எங்களுக்கு இல்லை. சாலையோரத் தேநீர்க் கடைகளில் ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பும் எனக்கு நிரம்ப உண்டு. அவர்கள் தம் தொழிலைப் பற்றித் தாமாகப் பேச மாட்டார்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள். வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தம்மைப் பற்றியும் சொல்லிவிடுவார்கள்.

முதலில் ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். லாரிச் சக்கரம் டயரோடு சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால், முதலில் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ அண்டைகொடுத்து வண்டி உருளாமல் செய்ய வேண்டும். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். சக்கரத்தின் நட்டுகள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் இறுகிக் கிடப்பவை. ஸ்பானரை மாட்டி, அதன் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி, ஒருவர் ஸ்பானரை நழுவாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் குழாயின்மேல் ஏறி நின்று உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினால்தான் அது அசையும். கழற்றிய சக்கரத்தை உருட்டி அப்பால் கொண்டுபோய், மாற்றுச் சக்கரத்தைத் துளையும் போல்ட்டும் நேராகப் பொருந்தும்படி தூக்கி நிறுத்த வேண்டும். இது இருவர் வேலை. முன்னாளில் ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரோடு ஒரு கிளீனரும் இருந்தமையால் ஒருவாறு நடந்தது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு, கிளீனரோ பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன், ஜாக்கியோ மண்ணில் புதைகிறது என்றால் மூன்றாவது ஆளின் கை தேவைப்படத்தான் செய்யும்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சக்கரத்தை நம்மவர் ‘ஸ்டெப்னி’ என்கிறார்களே, அது என்ன சொல் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வேல்ஸ் நாட்டில் இலனெத்லி என்னும் ஊரில் ஸ்டெப்னித் தெரு என்று ஒன்று உண்டு. 1904-இல் அங்கேதான் மோட்டார் வண்டிக்கான மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் மறைந்துபோன அந்தப் பெயர் நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் வாழ்கிறது.

பெயர் வேல்ஸ் நாட்டினது. கருத்து நமக்குப் புதிதன்று. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிச் சென்ற உமணர்களைப் பற்றிச் சங்க நூல்களில் படித்திருப்பீர்கள். அவர்கள் தனி வண்டியாகப் போகவில்லை. வரிசையாகக் கூட்டமாகப் போனார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி என்ன ஆகுமோ என்ற அச்சத்தால், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சைச் சேமமாகக் கட்டிவைத்திருந்தார்கள். இச்செய்தி புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் வருகிறது. தகடூர் அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடியிருக்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. வடக்கேயிருந்து சேலம் நோக்கி வரும் லாரிகள் நீண்ட சரிவில் இறங்கும் இடம் அது. தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் பெயர் சொன்னாலே ஒரு கணம் பேச்சை நிறுத்தும் இடம். அச்சு முறியும் அச்சத்தோடு உமணர் சென்ற நாட்டிலேயே, பிரேக் பிடிக்காமற்போகும் அச்சத்தோடு இவர்கள் செல்கிறார்கள்.

தொப்பூரில் நிகழ்வதை விளக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் சிலர் வண்டியை ‘நியூட்ரலில்’ விடுவதுண்டு. அப்போது இயந்திரம் வண்டியை இழுத்துப் பிடிப்பதில்லை; வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியதாகிறது. இடைவிடாமல் அழுத்தப்படும் பிரேக் சூடேறிப் புகைகிறது. சூடேற ஏறப் பிடிப்புக் குறைகிறது. இருபது டன்னுக்கு மேற்பட்ட பாரம் அப்போது யார் சொல்லையும் கேளாது. புகை சக்கரத்திலிருந்து வருவதால் ஓட்டுநருக்கு அது உடனே தெரிவதில்லை. பக்கத்தில் முந்திச் செல்லும் வண்டிக்காரருக்குத்தான் தெரியும். அவர் ஒலிப்பானை அடித்துக் கைகாட்டி, “அண்ணே, பின்னால் புகையுது, ஓரங்கட்டுங்க!” என்று கத்திவிட்டுப் போவார். அரை நிமிடப் பேச்சு. ஒரு காசு செலவில்லை. சக்கரம் மாற்றிக் கொடுப்பதைவிட இதையே நான் பெரிய உதவியாகக் கருதுகிறேன்.

இனி, ஏன் என்ற வினாவுக்கு வருவோம். முன்பின் அறியாதவருக்காக ஒருவர் தம் நேரத்தை ஏன் இழக்கிறார்? தருமம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது விடையாகாது. தருமம் எல்லாத் தொழிலிலும் உண்டென்றால், இத்தொழிலில் மட்டும் அது ஏன் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது?

லாரித் தொழிலின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரிகளுக்குப் பெயர் பெற்றவை. அங்கும், எங்கள் பக்கத்திலும், ஒன்றிரண்டு லாரிகளுக்கு உரிமையாளர்களே மிகுதி. தாமே ஓட்டுநராக இருந்து, கடன் வாங்கி வண்டி வாங்கியவர் பலர். இப்படிப்பட்டவரின் வண்டி ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டால், உதவிக்கு அனுப்ப அவரிடம் வேறு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. நெடுந்தூரப் பயணத்துக்குச் சற்றே தளர்த்தி நாளுக்கு 10 மணி என்றது. ஆனால் அச்சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே பொருந்துமாறு எழுதப்பட்டது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் ஐந்து பேர் எங்கிருந்து வருவார்கள்? சட்டம் மேலே போயிற்று. லாரி அதன் அடியில் புகுந்து போயிற்று. முதலாளியும் சட்டமும் எட்டாத இடத்தில் நிற்பவருக்கு, அதே சாலையில் பின்னால் வரும் இன்னொருவரே துணை. இன்று நான் நிற்கிறேன், நாளை நீ நிற்பாய் என்பது அங்கே அறிவுரையன்று, கணக்கு. இன்று உதவி பெற்றவர் உதவியவருக்கே திருப்பிச் செய்ய வாய்ப்பது அரிது, வேறொருவருக்குச் செய்வார். கடன் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்றில்லாமல் சாலை முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது.

ஊர்ப்பக்கத்துச் சுமைதாங்கிக் கற்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தலைச்சுமையோடு நடந்தவன் இளைப்பாற வேண்டுமானால், சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை எப்போதும் கிடைக்குமா? அதனால் தோளுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். கருவுற்று இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கமும் உண்டு. வராத வழித்துணைக்குப் பதிலாகக் கல்லை நிறுத்திய அருமையான ஏற்பாடு அது. லாரிக்குச் சுமைதாங்கி இல்லை. எனவே மனிதர்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஒட்டன்சத்திரத்துச் சரக்குக்கு இந்த அவசரம் இன்னும் மிகுதி. அங்கிருந்து கேரளத்துக்குப் போகும் தக்காளியும் முருங்கையும் கத்தரியும் விடியற்காலைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அன்று விலைபோகாத தக்காளி மறுநாள் குப்பை. பழுது பெரிதென்று தெரிந்தால், வெறும் வண்டியாகத் திரும்பி வரும் ஒருவரை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வாடகையைப் பின்னால் பேசிக்கொள்வார்கள். வாய்ச்சொல் ஒன்றே ஒப்பந்தம். இதில் ஏமாற்றமே நேர்ந்ததில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏமாற்றியவர் மறுபடியும் அதே சாலையில், அதே தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மொழி தெரியாத நாட்டில் எண் பலகைதான் தாய்மொழி. மகாராட்டிரத்திலோ ஒடிசாவிலோ நிற்கும் தமிழ்நாட்டு ஓட்டுநர், வருகிற வண்டிகளில் ‘டி.என்.’ என்ற எழுத்துகளைத் தேடுவார். 57 என்று இருந்தால் திண்டுக்கல்; 28 என்றால் நாமக்கல்; 52 என்றால் சங்ககிரி. கண்டதும் கையை உயர்த்துவார். சாலையில் ஓட்டுநர் ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனால், அங்கே கூடியவர்கள் ஆளுக்கு நூறு இருநூறு என்று துண்டு விரித்துப் பணம் சேர்த்து, உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. வண்டியை ஒருவர் காவல் காக்க, ஒருவர் காவல் நிலையத்துக்குப் போக, ஒருவர் வீட்டுக்குச் செய்தி சொல்லுவார். அந்தச் செய்தி சொல்லும் வேலையைத்தான் எவரும் விரும்பி ஏற்பதில்லை என்று முதிய ஓட்டுநர் ஒருவர் என்னிடம் கூறினார்.

ஓட்டுநர்களுக்கென்று விளக்கு மொழி ஒன்றும் உண்டு. எதிரே வருபவர் முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டினால், முன்னால் ஏதோ இடையூறு இருக்கிறது என்று பொருள். பின்னால் வருபவருக்கு முந்த வழிவிடும்போது பக்க விளக்கைச் சிமிட்டுவார்கள். இங்கே ஒரு சிக்கல். ‘வலப்புறம் முந்திப் போகலாம்’ என்பதற்கும், ‘நான் வலப்புறம் திரும்பப் போகிறேன்’ என்பதற்கும் ஒரே விளக்கு எரியக் கூடும். ஒருவர் உதவியாகக் காட்டியதை மற்றவர் தவறாகப் படித்தால் விளைவு உயிரிழப்பு. எழுதாத மொழிக்கு அகராதி இல்லை. ஆதலால் புதிதாக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் கல்லூரி மாணவர்கள், லாரியின் சிமிட்டலை மட்டும் நம்பி முந்தாமல் இருப்பது நல்லது.

இதே தேவை வேறு நாடுகளில் வேறு உருவம் கொண்டது. 1973-இன் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அமெரிக்காவில் வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று குறைக்கப்பட்டது. அந்நாட்டு லாரி ஓட்டுநர்கள் சிற்றலை வானொலிக் கருவிகளை வண்டியில் வைத்துக்கொண்டு, எந்த நிலையத்தில் எண்ணெய் கிடைக்கிறது, எங்கே காவலர் நிற்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த வானொலியில் 9-ஆம் அலைவழி ஆபத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. 19-ஆம் அலைவழி ஓட்டுநர்களின் திண்ணை ஆயிற்று. இங்கிலாந்தில் 1905-இல் தோன்றிய மோட்டார்ச் சங்கமோ, காவலர் மறைந்திருந்து வேகம் அளப்பதைத் தன் உறுப்பினர்களுக்கு முன்கூட்டி உணர்த்தத் தொடங்கப்பட்டது. பழுது நீக்கும் பணி அதற்குப் பின்னால் வந்ததே. துணை என்பது எப்போதும் தூய்மையானதாக இருப்பதில்லை. நம் சாலையிலும், ‘முன்னால் சோதனை நடக்கிறது’ என்று விளக்கால் உணர்த்துபவர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியவரைத் தப்பவைத்துவிடுகிறார். தப்பிய அந்தப் பாரம்தான் அடுத்த சரிவில் பிரேக்கைத் தின்கிறது. இதைத் தோழமை என்று நான் போற்ற மாட்டேன்.

வேப்பங்கிளையும் கற்களும் அப்படித்தான். எதிரொளிக்கும் முக்கோணப் பலகையை வண்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது இல்லாதவர், அல்லது இருந்தும் களவுபோகும் என்று அஞ்சுபவர், கல்லை வைக்கிறார். வண்டி சீரானதும் கிளம்பிவிடுகிறார். கல் அங்கேயே கிடக்கிறது. இரவில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ வருகிறவர் அதில் மோதுகிறார். தம் இனத்தானைக் காக்க வைத்த கல் அயலானை வீழ்த்துகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது. ஓட்டுநருக்கு ஓட்டுநர் உதவுவது சரி. தம் வண்டியால் அடிபட்ட பாதசாரிக்கு உதவுகிறார்களா? தைப்பூசக் காலத்தில் பழனிச் சாலையில் ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக நடந்து செல்கிறார்கள். அவ்வேளையில் எங்கள் பக்கத்து மக்கள் லாரியை வழித்துணையாகப் பார்ப்பதில்லை, எமனாகத்தான் பார்க்கிறார்கள். விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் ஓடிவிடுகிறார் என்பது பொதுவான குற்றச்சாட்டு. நிற்பவரைக் கூட்டம் அடித்து நொறுக்குகிறது என்பது ஓட்டுநர்களின் மறுமொழி. இரண்டும் உண்மை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. கூட்டத்தின் வெறியால் அது இயலாமற்போனால் தவிர என்று ஒரு விலக்கும் அதிலேயே எழுதியிருக்கிறது. சட்டம் இயற்றியோரே நம் கூட்டத்தின் குணத்தை அறிந்து வைத்திருந்தார்கள் பாருங்கள்! புதிய தண்டனைச் சட்டத்தில், விபத்துக்குப்பின் தெரிவிக்காமல் ஓடுபவருக்குப் பத்தாண்டுவரை சிறை என்ற பிரிவை எதிர்த்து, 2024 சனவரித் தொடக்கத்தில் வடநாட்டில் பல இடங்களில் லாரிகள் நின்றன. அந்தச் சட்டம் 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நடைமுறைப்படுத்தப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது.

ஓடுகிற ஓட்டுநர் ஒருபுறம் இருக்க, விபத்தைக் கண்டு நிற்கும் ஓட்டுநர் எத்தனையோ பேர். இரவில் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை முதலில் காண்பவர் பெரும்பாலும் லாரிக்காரரே. முன்பெல்லாம் அவர் கண்டும் காணாமற் போனதற்குக் காரணம் கல்நெஞ்சம் அன்று. சாட்சி என்று அலைய நேருமே, சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேராதே, இடித்தவன் நீயே என்று பழி வருமே என்ற அச்சம். 2016 மார்ச்சு 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உதவுபவரைத் துன்புறுத்தாமல் காக்கும் வழிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 134-ஏ என்னும் பிரிவே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. உதவியவர் விரும்பாவிட்டால் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையில் அவரைக் காத்திருக்கச் செய்யவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 திசம்பரில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டமும் தொடங்கியது. இவற்றை நான் தேநீர்க் கடையில் சொன்னபோது, கேட்டவர்களுள் பாதிப்பேருக்கு மேல் இவை புதிய செய்திகளாக இருந்தன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓட்டுநர் இருந்தால் இதை அவருக்குச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் வராத பயனுள்ள செய்தி இது.

வழித்துணை வழக்கத்தை அரசே உணர்ந்த காலம் ஒன்றும் உண்டு. 2020 மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சில நாட்களில் சரக்குப் போக்குவரத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆயினும் வண்டி ஓடவில்லை. என்னை? சாலையில் உணவுக் கடை இல்லை, பஞ்சர்க் கடை இல்லை, பட்டறை இல்லை. அரிசியும் பருப்பும் வைத்திருந்த ஓட்டுநர் சாலையோரத்தில் அடுப்பு மூட்டி, இல்லாதவருக்கும் சேர்த்துச் சமைத்தார். பல சிற்றூர்களில் மக்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 15-ஆம் நாள் வெளியான அரசாணையில் நெடுஞ்சாலை உணவுக் கடைகளுக்கும் லாரிப் பழுதுபார்க்கும் கடைகளுக்கும் அனுமதி தரப்பட்டது. லாரி எண்ணெயால் மட்டும் ஓடுவதன்று என்பது அப்போது தெரிந்தது.

இப்போது வழக்கம் மாறிவருகிறது. நாட்டம் குறைந்ததே காரணம் என்று முதியவர்கள் சொல்லுகிறார்கள். எனக்கோ, வண்டி மாறியதே முதற்காரணம் என்று தோன்றுகிறது. பழைய லாரியில் டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்தால், திருகு ஒன்றைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வழியவிட்டால் போதும். இந்த வித்தை எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எவரும் எவருக்கும் உதவ முடிந்தது. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய வகை லாரிகளில் இயந்திரத்தை மின்னணுக் கருவி ஆள்கிறது. பழுது வந்தால் முகப்புப் பலகையில் ஒரு விளக்கு எரியும்; அதன் பொருளைக் கம்பெனி ஆள் கணினியைக் கொண்டுவந்து படித்தால்தான் தெரியும். நிற்கும் வண்டியருகே இறங்கி வந்த அனுபவசாலி, அந்த விளக்கைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். கிளீனரும் இல்லை, பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் தனியாளாக வருகிறார். எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதை முதலாளி கைப்பேசியிலேயே பார்க்கிறார். பத்து நிமிடம் நின்றால் காரணம் கேட்கிறார். சுங்கச் சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் இழுவை வண்டி வரும். நின்று உதவப் போனால் கொள்ளையர் விரித்த வலையாக இருக்குமோ என்ற ஐயமும் இரவில் எழுகிறது.

ஆயினும் புதிய வண்டிக்குப் புதிய பசியும் இருக்கிறது. புகையைத் தூய்மை செய்ய ‘ஆட்ப்ளூ’ என்னும் நீர்மத்தை அது தனித் தொட்டியில் கேட்கிறது. அது தீர்ந்துபோனால் டீசல் நிறைந்திருந்தும் இயந்திரம் தன் வலிமையைக் குறைத்துக்கொள்ளும்; மேட்டில் ஏறாது. சென்ற மாதம் செம்பட்டிக்கு அருகில், நீலநிறக் குடுவை ஒன்றை வண்டியிலிருந்து இறக்கி, முன்பின் அறியாத ஒருவரின் தொட்டியில் பாதியை ஊற்றிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். காசு கேட்டாரா என்று நான் விசாரித்தேன். குமுளி ஏறுமட்டும் தமக்கு மீதிப் பாதி போதும் என்று கூறி, மூடியை இறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.